மெழுகில் நிற்கும் மெட்டுகள்

தஞ்சாவூரை 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தில் வீணைக்கு 24 மெட்டுகள் நிலையாக அமைக்கப்பட்டன என்று சங்கீத சரித்திரப் புத்தகங்கள் சொல்கின்றன. மேடையில் வீணையை அறிமுகம் செய்கிறவர்களும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். வாக்கியம் தவறென்று நான் சொல்ல வரவில்லை. அதில் வரும் 'நிலையாக' என்ற சொல்லைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது புத்தகம் படித்ததால் அல்ல. நான் செய்த ஒரு மடத்தனத்தால்.

அம்மாவின் வீணை, அவள் போன பிறகு நாலு வருஷம் கும்பகோணம் வீட்டில் உறைக்குள்ளேயே கிடந்தது. சென்ற வருஷம் சித்திரையில் அந்த வீட்டைக் காலி செய்தபோது, அதைக் காரின் பின்னிருக்கையில் கிடத்தித் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தேன். வழியில் பாபநாசத்தில் ஒரு கல்யாணம். காரை வெயிலில் நிறுத்திக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் போனவன் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திரும்பினேன். வீட்டுக்கு வந்து உறையைக் கழற்றினால், கறுப்பு மெழுகு இளகி வழிந்து, மெட்டுகள் சில புதைந்தும் சில சாய்ந்தும் கிடந்தன. மேல் ஸ்தாயி மெட்டுகளில் மூன்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வீணை வாசிக்கத் தெரிந்த எவரும் அதை வெயிலில் விடமாட்டார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. அம்மா வாசித்ததைக் கேட்டுக்கொண்டே பாடம் படித்தவன் என்பதைத் தவிர எனக்கும் அந்த வாத்தியத்துக்கும் உறவில்லை.

400 வருஷமாக நிலையாக இருந்தவை இரண்டு மணி நேரத்தில் நகர்ந்துவிட்டன. விளையாட்டாக எழுதவில்லை. அன்று இரவு தூக்கம் வராமல் எனக்குத் தோன்றியது இந்த வாக்கியம்தான்.

வீணையின் தண்டியில் மெட்டுகள் மரத்தில் அறையப்படுவதில்லை. தண்டியின் இரு விளிம்புகளிலும் நீளவாக்கில் இரண்டு மெழுகு வரப்புகள். தேன்மெழுகும் குங்கிலியமும் விளக்குக்கரியும் சேர்த்து இடித்த மெழுகு. அந்த வரப்புகளின் மேல், பாலம் போட்ட மாதிரி, 24 உலோகக் கட்டைகள் குறுக்கே உட்கார்ந்திருக்கும். இவற்றை ஸ்தானம் பார்த்து உட்கார வைப்பதற்கு 'மேளம் கட்டுவது' என்று பெயர். மெழுகு காலப்போக்கில் இறுகும், வெடிக்கும், வெயிலில் இளகும். சில வருஷங்களுக்கு ஒருமுறை பழைய மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டியாக வேண்டும். பலா மரத்தில் ஒரே துண்டாகக் குடைந்த ஏகாண்ட வீணையானாலும், குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து ஒட்டிய வீணையானாலும் இதற்கு விலக்கில்லை.

அதே சமயத்தில் என் அக்கா மகன் ஒரு பேஸ் கித்தாரை வைத்துக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தான். இங்கே இன்ஜினியரிங் படிக்கிறவன். பழைய வாத்தியத்தை யாரிடமோ மலிவாக வாங்கியிருந்தான். நாலு கம்பிகள், தடித்த கம்பியை மீட்டினால் கறகறவென்று மெட்டில் உரசுகிறது, மேலே போகப் போக ஸ்வரம் ஏறிப் பேசுகிறது. "மாமா, ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றான். வியாதி ஒன்றல்ல என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் அந்த இரண்டு மாதங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில், அவன் வாத்தியத்தை அவனும் என் வாத்தியத்தை நானும் சரிசெய்யக் கற்றுக்கொண்டதில்தான் இக்கட்டுரையின் விஷயம் பிடிபட்டது.

பேஸ் கித்தாரில் மெட்டுகள் மரத்தில் வாளால் அறுத்த பள்ளங்களில் அடித்து இறக்கப்பட்டவை. அவற்றை நகர்த்த முடியாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் நகர்த்துகிறார்கள். கழுத்து மரத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகளின் இழுவிசையால் கழுத்து முன்னால் வளைந்தால் சாவி போட்டு அதை முறுக்கி நிமிர்த்தலாம். ஐப்பசி ஈரத்தில் மரம் ஊதுவதற்கும் பங்குனி வெயிலில் காய்வதற்கும் தகுந்தபடி கால் திருகு, அரைத் திருகு. அடுத்து, ஒவ்வொரு கம்பிக்கும் தனியாக ஒரு குட்டிக் குதிரை. கம்பியின் நட்டநடுவில் விரலை லேசாக வைத்து மீட்டினால் கேட்கும் மேல் ஸ்தாயி நாதமும், 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் கேட்கும் ஸ்வரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தும்போது கம்பி சற்று இழுபடுவதால் ஸ்வரம் ஏறும். ஏறினால் குதிரையைப் பின்னால் தள்ளிக் கம்பியின் நீளத்தைக் கூட்டவேண்டும். தடித்த கம்பிக்கு அதிகம், மெல்லிய கம்பிக்குக் குறைவு. பையன் ஒரு சாயங்காலத்தில் இதைச் செய்து முடித்தான்.

இந்த வாத்தியத்தின் சரித்திரம் நமக்கு உதவும். ஐரோப்பாவின் லூட் வாத்தியத்திலும் ஒரு காலத்தில் மெட்டுகள் நகரக்கூடியவைதான். குடல் நரம்பைக் கழுத்தைச் சுற்றி முடிச்சிட்டுக் கட்டுவார்கள். விஞ்ஞானி கலிலியோவின் தகப்பனாரான வின்சென்ஸோ கலிலேய் 1581இல் வெளியிட்ட நூலில் அவற்றைக் கட்ட ஒரு சுலபக் கணக்கு சொன்னார். மீதமுள்ள கம்பி நீளத்தை ஒவ்வொரு தடவையும் 18 பங்காக்கி ஒரு பங்கைத் தள்ளு. அங்கே அடுத்த மெட்டு. இப்படி 12 தடவை தள்ளினால் சரியாகக் கம்பியின் பாதிக்கு வர வேண்டும். வராது. 80 செ.மீ. கம்பியில் சுமார் 3 மி.மீ. குறையும். விரலால் அழுத்தும்போது ஸ்வரம் ஏறுவதால் அந்தக் குறை ஓரளவு ஈடாகிவிடுகிறது. கணக்கின் தவறும் கையின் தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. பிற்காலக் கித்தார்களில் மெட்டு மரத்துக்குள் போய்விட்டது. 1951இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் மின்சார பேஸ் கித்தாரை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு 'பிரிஸிஷன்' என்று பெயர் வைத்தார். மெட்டே இல்லாத பெரிய பேஸ் வாத்தியத்தில் காதால் தேட வேண்டிய ஸ்தானத்தை இனித் தேட வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்பது அந்தப் பெயரின் வாக்குறுதி. ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர்க் கடை வைப்பதற்குமுன் கணக்கர் வேலை பார்த்தவர். வங்கி குமாஸ்தாவான எனக்கு இதில் ஓர் ஆறுதல்.

இனி நம் ஊருக்கு வரலாம். 1550இல் ராமாமாத்யர் எழுதிய ஸ்வரமேளகலாநிதியில் வீணைகள் வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. சுத்தமேள வீணை, மத்யமேள வீணை, அச்யுதராஜேந்திர மேள வீணை. மூன்றாவது விஜயநகரத்து அச்யுதராயரின் பெயரால் வழங்குவது. ஒவ்வொன்றிலும் இரண்டு விதம். ஒரு ராகத்துக்கு வேண்டிய ஸ்வரங்களுக்கு மட்டும் மெட்டு வைத்தது ஏகராக மேளம். ராகம் மாறினால் மெட்டையும் மாற்ற வேண்டும். எல்லா ஸ்வரங்களுக்கும் மெட்டு வைத்தது சர்வராக மேளம். அடுத்த நூற்றாண்டில் தஞ்சாவூர் அமைச்சர் கோவிந்த தீக்ஷிதரின் மகன் வேங்கடமகி எழுதிய சதுர்தண்டி பிரகாசிகையில், அச்யுதராஜேந்திரர் இருந்த இடத்தில் ரகுநாதேந்திரர் வந்து உட்காருகிறார்: ரகுநாதேந்திர மேள வீணை. ஆக, எல்லா ஸ்வரத்துக்கும் மெட்டு வைக்கும் யோசனை தஞ்சாவூரில் திடீரென்று முளைத்ததல்ல. அரசன் மாறினால் மேளத்தின் பெயர் மாறும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஆனால் தஞ்சாவூரில் ஒன்று நடந்தது. சர்வராக மேளமே நாளடைவில் வீணையின் ஒரே மேளமாகிவிட்டது. ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயிக்கு 24. இப்படிப் பன்னிரண்டும் ஒரே சமயத்தில் கண்முன் வரிசையாக நின்ற பிறகுதான், அவற்றிலிருந்து ஏழேழாகப் பொறுக்கினால் எத்தனை விதம் வரும் என்று எண்ணிப் பார்க்கும் ஆசை வந்திருக்க முடியும் என்று எனக்குப் படுகிறது. வேங்கடமகியின் 72 மேளங்கள் அப்படிப்பட்ட எண்ணிக்கைதான். தம் காலத்தில் வழக்கிலிருந்தவை 19 என்று அவரே சொல்கிறார். மிச்சமுள்ள 53ம் காதில் விழாமல் கணக்கில் பிறந்தவை. சங்கீதத்தின் தேவைக்கு மிஞ்சி ஒரு சாத்தியத்தை முன்கூட்டியே எழுதிவைத்த காரியம் இது. இந்தத் துணிச்சலுக்கு மெட்டுப் பலகை ஒரு காரணம் என்றால், அந்தப் பலகையைக் கட்டியவனுக்கும் அதில் பங்குண்டு. அவன் பெயரைத் தாங்கிய வாக்கியம் எந்த நூலிலும் எனக்குத் தட்டுப்படவில்லை. நூலில் இருப்பது கட்டச் சொன்னவனின் பெயர்.

மேளம் கட்டுகிற பெரியவர் வீட்டுத் திண்ணையில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் கம்பிகளைத் தளர்த்தி மெழுகைச் சுரண்டினோம். பழைய மெழுகு வீணாவதில்லை. காய்ச்சி, புதுசோடு சேர்த்து இடிக்கிறார்கள். இடிப்பது என் வேலை. வரப்பு போட்டு, ஸாரணிக் கம்பியை மட்டும் ஸட்ஜத்துக்கு ஏற்றி, அவர் முதலில் வைத்தது 12ஆம் மெட்டு: கம்பியின் பாதி. பிறகு 24: கால்பாகம். பிறகு 7: பஞ்சமம், மூன்றில் இரண்டு பங்கு. பிறகு 5: மத்தியமம், நாலில் மூன்று பங்கு. இந்த நான்கிலும் தகராறு இல்லை. காது, முழக்கோல், என் கைபேசியிலிருந்த சுருதி பார்க்கும் செயலி, எல்லாம் ஏறத்தாழ ஒத்துப்போயின. அதன் பிறகுதான் தகராறு.

தகராறுக்கு அடிப்படைக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. பஞ்சமத்துக்குப் பஞ்சமமாக 12 தடவை ஏறினால் புறப்பட்ட ஸட்ஜத்தின் ஏழாவது மேல் ஸ்தாயிக்கு வந்து சேர வேண்டும். சேர்வதில்லை. ஒன்று 129.75 மடங்கு, மற்றது 128 மடங்கு. இந்த வித்தியாசத்தை எந்த அரசனாலும் ரத்து செய்ய முடியாது. வங்கியில் இடம் தெரியாத தொகையைத் தற்காலிகமாகப் போட்டுவைக்க சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. சங்கீதத்தில் அப்படியொரு கணக்கு கிடையாது. வித்தியாசத்தை ஏதாவது ஒரு மெட்டின் தலையில் கட்டியாக வேண்டும், அல்லது பன்னிரண்டுக்கும் சமமாகப் பங்கிட வேண்டும். கித்தார்த் தொழிற்சாலை பங்கிட்டுவிட்டது. என் கைபேசிக்குத் தெரிந்ததும் அந்தப் பங்கீடு ஒன்றுதான்.

இந்தச் சண்டையைத் தஞ்சாவூர் ஏற்கனவே ஒரு தடவை பெரிய அளவில் போட்டிருக்கிறது. இந்த ஊரில் சித்த வைத்தியம் செய்து பொருள் சம்பாதித்து, அதைச் சங்கீத ஆராய்ச்சியில் செலவழித்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919), ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற சாஸ்திரத்தை மறுத்தார். பழந்தமிழ் இசை நூல் குறிப்புகளை வைத்துக்கொண்டு 24 சம சுருதிகள் என்று நிறுவப் பார்த்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய் வாதாடினார். அவருடைய மகள்கள் அங்கே சபை நடுவில் பாடியும் வீணை வாசித்தும் அவர் கட்சியை நிரூபிக்க முயன்றார்கள். அடுத்த வருஷம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் அச்சில் வந்தது. பண்டிதரின் வாதத்தை இன்று ஏற்கிறவர்களும் உண்டு, மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது, ஸ்வரத்தின் இடத்தை அரசன் வாக்கிலிருந்தும் ரிஷி வாக்கிலிருந்தும் பிடுங்கி, யார் வேண்டுமானாலும் கூட்டிக் கழித்துப் பார்க்கக்கூடிய எண்ணாக வைத்துவிட்டார் என்பது. பெரிய ஜனநாயகக் காரியம். ஆனால் அவருடைய எண்களையும் கடைசியில் யாரோ ஒருவர் மெழுகில்தான் உட்கார வைக்க வேண்டும்.

என் வீணையில் தகராறு அந்தர காந்தாரத்தில் வந்தது. நாலாவது மெட்டு. சமப் பங்கீட்டின்படி ஓரிடம். தம்புராவோடு இழையும்படி, கம்பியில் ஐந்தில் நாலு பங்காக வைத்தால் வேறோரிடம். இரண்டுக்கும் நடுவில், 80 செ.மீ. கம்பியில், 5 மி.மீ. நான் கைபேசியைக் காட்டினேன். பெரியவர் கோபிக்கவில்லை.

"அது சொல்ற எடத்தையும் கோடு போட்டு வெச்சுக்குங்க சார். அம்மா எங்க வெச்சிருந்தாங்க, அதச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. இருந்த தடயத்தை நான்தான் வெயிலில் உருக்கிவிட்டேனே. வீட்டில் அம்மா வாசித்த மோகனம் ஒரு பழைய காஸெட்டில் இருந்தது. அக்கா மகன்தான் யோசனை சொன்னான். டேப் ஓடும் வேகம் கூடக்குறைய இருந்தால் சுருதி மாறும். ஆனால் ஸட்ஜத்துக்கும் காந்தாரத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. காஸெட்டை ஓட்டி, அதில் கேட்ட ஸட்ஜத்துக்கு வீணையைச் சேர்த்து, நின்று பேசும் காந்தாரங்களாகப் பார்த்துத் திரும்பத் திரும்பக் கேட்டோம். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மெட்டை மேருப் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். கைபேசிக் கோட்டைத் தாண்டி, நான் அளந்து வைத்திருந்த ஐந்தில் நாலு பங்குக் கோட்டையும் கிட்டத்தட்டத் தொட்டு நிறுத்தினார்.

இது அம்மா வைத்திருந்த இடம்தானா, அல்லது அம்மாவின் விரல் உண்டாக்கிய ஸ்வரமா என்று கேட்டேன். கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும் வாத்தியத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மெட்டு கொஞ்சம் கீழ நின்னா வெரல் மேல கொண்டுபோகும் சார். மெட்டு மேல நின்னுட்டா எந்த வெரலாலயும் கீழ எறக்க முடியாது."

சாஸ்திரப் புத்தகங்களில் நான் தேடியது இந்த வாக்கியத்தில் இருந்தது. மெட்டு என்பது ஸ்வரம் அல்ல. ஸ்வரத்தின் தரை. அங்கிருந்து ஏறலாம், அதற்குக் கீழே போக வழியில்லை. ஆகவே மேளம் கட்டுகிறவன் ஸ்வரத்தை நிர்ணயிக்கிறான் என்பதைவிட, வாசிக்கப்போகிறவளுக்கு எவ்வளவு இடம் விடுவது என்று நிர்ணயிக்கிறான் என்பதே சரி. பிறகு மற்ற மூன்று கம்பிகளையும் ஏற்றினார். ஒரே குதிரை, நாலு தடிமனில் நாலு கம்பிகள். பேஸ் கித்தாரில் கம்பிக்கொன்றாய்க் குதிரையைத் தள்ளிச் செய்ததை இவர் மெட்டையே மயிரிழை சாய்த்துச் செய்தார். மெழுகு என்பதால் அது முடிந்தது. உயரம் பார்த்து, உரசும் மெட்டுகளை லேசாக அழுத்தினார். கடைசியில் குதிரைமேலிருக்கும் வளைந்த தகட்டைத் தேய்த்தார். அந்தத் தகட்டின் வளைவால்தான் வீணையின் நாதத்தில் இருக்கக்கூடாத உப நாதங்களும் கேட்கின்றன என்று சி. வி. ராமன் 1921இல் எழுதினார். 1917 வரை அரசாங்கக் கணக்கு அதிகாரியாக இருந்தவர் அவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர். பெரியவருக்கு ராமன் பெயர் தெரியும், கட்டுரை தெரியாது. தகட்டை எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

1959இல் 'எழுத்து' தொடங்கிய நாளிலிருந்து நம் சிறு பத்திரிகைகளில் மரபு பற்றி நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் கித்தார் மெட்டை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பவை என்று இப்போது தோன்றுகிறது. மரபு மரத்தில் அறையப்பட்டது. ஒன்று அதற்கு அடங்கு, அல்லது பிடுங்கி எறி. காவேரிக் கரையில் வேறு மாதிரியான மரபு ஒன்று இருந்திருக்கிறது. அதை யாரும் உடைக்க வேண்டியதில்லை, தானாகவே சரியும். ஒவ்வொரு தலைமுறையும் அதைச் சுரண்டிக் காய்ச்சி மறுபடி கட்டினால்தான் அது இருக்கும். கட்டும்போது 12ம் 24ம் நகராது, காந்தாரம் நகரும். எது நகரும், எது நகராது என்று அறிவதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த அறிவு ஏட்டில் இல்லை, சம்பளம் குறைந்த சில கைகளில் இருக்கிறது என்பதை மெச்சிக்கொள்ள எனக்கு மனமில்லை. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெரியவரின் பிள்ளை வெளியூரில் வேறு வேலையில் இருக்கிறான்.

கட்டுரையில் பெயரைப் போடட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வேண்டாமென்றார். மூன்று நாலு வருஷம் தாங்கும், பிறகு கொண்டுவாருங்கள் என்றார். அதற்குள் மெழுகு காய்ச்சவும் 12ஐயும் 7ஐயும் வைக்கவும் நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஸரளி வரிசை. காந்தாரத்தில் விரல் வைக்கும்போதெல்லாம் மேலே கொஞ்சம் இடமிருப்பது தெரிகிறது. அங்கே ஏற எனக்கு இன்னும் கை வரவில்லை.